இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா...

உலகத்திலேயே ஆபத்தான டயலாக் எது தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? 'நாளைக்கு வரும்போது பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா'ங்கிறது எல்லாம் அதற்கு முன்னால் தூசு. 'இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா, இதைவிட சூப்பரா ஒண்ணு வருது மச்சான்!' - இதுதான் அது. இந்த ஒரே டயலாக்கை நம்பி, 50 ஆயிரம் ரூபாய்க்கு ஆரம்பித்த ஒரு லிஸ்ட்டை 78 ஆயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தினவன் நான். அதில் பாதிப் பணம் என்னுடையது இல்லை என்பதுதான் கதையில் ட்விஸ்ட்!

நான் கோவில்பட்டிப் பையன். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, டேபிள் ஃபேன் என எது வந்தாலும் பழைய காயிலைப் பிரித்து எடுத்துவிட்டு, புதுசாகச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர், அக்கா ப்ளஸ் டூ படித்தபோது கவர்ன்மென்ட் கொடுத்த இலவச லேப்டாப். அக்கா அதில் படித்தாள். நான் 'வைஸ் சிட்டி'யில் கார் திருடினேன். அரை மணி நேரம் ஓட்டினால் லேப்டாப்பின் அடியில் ஆம்லெட் போடலாம். அவ்வளவு சூடு. ஆனாலும், 'ஒருநாள் நல்ல சிஸ்டத்துல உட்கார்ந்து, செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஏத்தி வெச்சு விளையாடணும்டா' என்ற வெறி மட்டும் ஆறவே இல்லை.

எக்ஸாமே எழுதாமல் ப்ளஸ் டூ பாஸான 2021 பேட்ச் நாங்கள். சென்னையில் மெக்கானிக்கல் சீட் கிடைத்தது. குரோம்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போவேன். இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கி, கடைசிப் பந்தியில் நாமும் சாப்பிட்டுவிட்டு, கையில் ஐந்நூறோ அறுநூறோ வாங்கி வரும் பொழைப்பு. அப்படி இரண்டு வருஷம் சேர்த்ததில் 30 ஆயிரம் தேறியது. மீதிக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா... தேர்டு இயர்ல டிசைன் சாஃப்ட்வேர் எல்லாம் வருதுப்பா. நல்ல சிஸ்டம் இல்லைன்னா கஷ்டம்."

முழுப் பொய் இல்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை. 30 பர்சென்ட் டிசைன், 70 பர்சென்ட் 'எல்டன் ரிங்'. அந்த 70-ஐ மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

லிஸ்ட் வீங்கின கதை

என் ரூம்மேட் ஒருத்தனுக்கு 'பெஞ்ச்மார்க்' என்று பட்டப்பெயர். சாப்பிடும்போது, தூங்கும்போது, பாத்ரூம் வாசலில் க்யூவில் நிற்கும்போது என எந்நேரமும் 'எந்த கார்டுல எத்தனை எஃப்.பி.எஸ். வருது' வீடியோதான். சொந்தமாக ஒரு மவுஸ்கூடக் கிடையாது. ஆனால், உலகத்தில் உள்ள எல்லா கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் அவன்தான் ஜாதகம் கணிப்பான். என் லிஸ்ட்டுக்கும் அவன்தான் ஆஸ்தான ஜோசியர்.

2023 ஆகஸ்ட்டில் ஆரம்பித்தோம். முதல் லிஸ்ட் ரொம்ப அடக்கமானது. ஐ3-12100எஃப் ப்ராசஸர், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோடு சேர்த்து 50 ஆயிரத்துக்குள்.

"மச்சான், 1650 எல்லாம் 2019-ல வந்ததுடா. 4 ஜி.பி.தான். இன்னும் கொஞ்சம் போட்டா ஆர்.எக்ஸ். 6600 வரும். 8 ஜி.பி!"

போட்டோம்.

"6600 வரைக்கும் வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் போட்டா ஆர்.டி.எக்ஸ். 3060 வரும். 12 ஜி.பி. மச்சான்!"

போட்டோம்.

"3060 பழசுடா. 4060 இப்போ ஜூன்லதான் ரிலீஸ் ஆச்சு. கரன்ட் கம்மியா இழுக்கும். இன்னும் ஒரு ரெண்டாயிரம், மூவாயிரம்..."

அதையும் போட்டோம். நடுநடுவே 'இன்டெல்லா, ஏ.எம்.டி-யா' என்று தல - தளபதி ரசிகர்கள் ரேஞ்சுக்குச் சண்டை வேறு. கடைசியில் பார்த்தால் லிஸ்ட் 78 ஆயிரத்தில் நிற்கிறது. அதுவும் சும்மா நிற்கவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, மற்றதிலெல்லாம் கிள்ளி எடுத்திருந்தோம். ராம் 8 ஜி.பி. ஒற்றைக் குச்சி. மானிட்டர் பழசு, 60 ஹெர்ட்ஸ். எஸ்.எம்.பி.எஸ். 1,200 ரூபாய். பட்டு வேட்டி கட்டி, மைனர் செயின் போட்டு, காலுக்குப் பிய்ந்த செருப்பு மாட்டின மாப்பிள்ளை மாதிரி இருந்தது லிஸ்ட்!

"அப்பா... மொத்தம் 78 ஆயிரம் ஆகும் போல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடையில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி... நானே வாரேன்யா."

எனக்குத் திக்கென்று இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அப்பாவோடு போவதா? மஞ்சப் பையும் ரப்பர் செருப்புமாக அவர் வந்து நின்றால் கடைக்காரன் மதிப்பானா என்று யோசித்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால், அன்றைக்கு அப்படித்தான் யோசித்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு காயில்காரர்

செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து எக்மோரில் இறங்கினார். "பக்கம்தானே, நடந்தே போயிருவோம்" என்றார். புதுப்பேட்டை வழியாக நடந்தோம். வண்டிகளைப் பிரித்து மலை மாதிரி குவித்திருக்கும் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளைப் பார்த்ததும் அப்பா முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். 'சார் நம்மாளு!' என்று ஒவ்வொரு கடையாக நின்று நின்று வந்தார். மவுன்ட் ரோட்டைத் தாண்டி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

போகாதவர்களுக்காக ஒரு வரி: ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரே ஒரு தெரு இல்லை. பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு என எல்லாம் சேர்ந்த ஒரு கடல். ரெசிஸ்டர் முதல் சர்வர் வரை கிடைக்கும். நடக்கும்போதே 'என்ன சார் வேணும், என்ன சார் வேணும்' என்று கை பிடித்து இழுப்பார்கள்.

முதல் கடை. கவுன்டரில் இருந்த அண்ணன் என் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கேமிங்கா தம்பி, டிசைனிங்கா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஏ.சி. கடையில் எனக்கு வேர்த்தது.

"ரெண்டுக்கும்னு சொல்லுய்யா" என்றார் அப்பா, ரொம்ப சாதாரணமாக.

அண்ணன் சிரித்துவிட்டு, உள்ளே இருந்து ஒரு கிராபிக்ஸ் கார்டை எடுத்து வந்து வைத்தார். "ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி. செகண்ட்ஸ்தான். ஆனா, சிங்கிள் ஓனர். பாதிக்குப் பாதி விலை!" என்னமோ ஸ்ப்ளெண்டர் பைக் விற்பது மாதிரி.

இங்கே ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். கிரிப்டோ மைனிங் என்று சொல்லி, இந்த மாதிரி கார்டுகளை வருஷக்கணக்கில் ராத்திரி பகலாக ஓட்டினார்கள். எத்திரியம் காசை கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் முறை 2022 செப்டம்பர் 15-ம் தேதியோடு முடிந்துபோனது. அதற்கப்புறம் வேலை இழந்த கார்டுகள் எல்லாம் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் வந்து கொட்டின. எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால், எது எவ்வளவு ஓடியது என்று நெற்றியில் எழுதியிருக்காது.

அப்பாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. கார்டை வாங்கி, அதிலிருந்த ஃபேனை ஒரு விரலால் மெதுவாக ஆட்டிப் பார்த்தார். இடமும் வலமும் தட்டிப் பார்த்தார். "ஷாஃப்ட் ஆடுது தம்பி. புஷ் தேய்ஞ்சிருக்கு. நெடு நாள் ஓடின ஃபேனு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைக்கார அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

இரண்டாவது கடையில்தான் அந்த எஸ்.எம்.பி.எஸ். மேட்டர். லிஸ்ட்டில் இருந்த 1,200 ரூபாய் ஐட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் '500 வாட்ஸ்'. அப்பா அதை ஒரு கையால் தூக்கினார். இன்னொரு கையில் பக்கத்தில் இருந்த 4,300 ரூபாய் ஐட்டம். தராசு மாதிரி இரண்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுல வெயிட்டே இல்லையேய்யா. செம்புன்னு சொல்லி அலுமினியம் சுத்திக் குடுத்த மோட்டார் மாதிரி இருக்கு. இது என்ன வேலை செய்யும்?"

"வீட்டுல வர்ற 230 வோல்ட் ஏ.சி. கரன்ட்டை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி-யா மாத்தி எல்லா பார்ட்டுக்கும் குடுக்கும்ப்பா."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"அப்போ இது போனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தார். "அதிகமா இழுக்கிறது எந்த வோல்ட்டு?" என்றார். "12 வோல்ட்தான். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு ரெண்டுக்கும் அதுதான்" என்றேன். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. "பன்னெண்டு பதினாறு நூத்தித்தொண்ணூத்திரெண்டு. 500 வாட்ஸ்னு மேல போட்டுட்டு, வேணுங்கிற இடத்துல 200 வாட்ஸ்கூட இல்லையே?" அடுத்ததில் 45 ஆம்பியர். "540. இவன் சொன்னதைக் குடுக்கான்."

ஃப்ரெண்ட்ஸ், நான் இரண்டு மாதமாகப் பார்த்த வீடியோக்களில் 12 வோல்ட் லைனைப் பெருக்கிப் பார் என்று ஏதோ ஒன்றில் சொல்லியிருக்கலாம். நான் எஃப்.பி.எஸ். நம்பரை மட்டும் பார்த்துவிட்டு ஸ்கிப் பண்ணினவன். எஸ்.எம்.பி.எஸ். என்ற பெயரையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டவர், ஸ்டிக்கரைப் படித்தே பிடித்துவிட்டார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் '80 ப்ளஸ் ப்ரான்ஸ்' என்று போட்டிருந்தால், பாதி லோடில் ஓடும்போது உள்ளே வாங்கும் கரன்ட்டில் சுமார் 85 பர்சென்ட்டை உருப்படியாக வெளியே கொடுக்கும், மீதிதான் சூடாக வீணாகும் என்று அர்த்தம். அது சிக்கனத்துக்கான சர்ட்டிஃபிகேட். உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லாமே தரமானவை என்பதற்கான சர்ட்டிஃபிகேட் இல்லை. வெயிட், ஆம்பியர், வாரன்ட்டி எத்தனை வருஷம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

டீக்கடைக் கணக்கு

"வா, ஒரு டீயைக் குடிப்போம்" என்று வெளியே கூட்டி வந்தார். டீக்கடை ஓரமாக நின்று மஞ்சப் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு கட்டு. ஒன்று ரப்பர் பேண்ட் போட்டது. இன்னொன்று பேப்பரில் சுற்றியது.

"இது 35. சீட்டு எடுத்தது. இது 13. என்ன, சரியா இருக்கா? உன் 30-ஓட சேத்தா 78 வருது."

"இந்த 13 ஏதுப்பா?"

"காப்பர் வயர் எடுக்க வெச்சிருந்தது. அடுத்த மாசம் எடுத்துக்கிடலாம்."

எனக்கு டீ இறங்கவில்லை. கடையில் வயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வருகிற மோட்டாரை வாங்கி வைக்க முடியாது. 'இல்லை அண்ணாச்சி' என்று திருப்பி அனுப்பணும். திரும்பிப் போகிறவர் அடுத்த தடவை நேராக அடுத்த கடைக்குத்தான் போவார். ஒரு மாத வியாபாரத்தைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து, '4060'க்காக என் கையில் வைத்திருக்கிறார் மனுஷன். அதுவும் 'டிசைன் சாஃப்ட்வேர்' என்று நம்பி.

"அப்பா... டிசைனுக்கு இவ்வளவு தேவையில்லைப்பா. முக்கியமா கேம் விளையாடத்தான் கேட்டேன்."

"தெரியும்யா" என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே. "அந்தக் கடைக்காரத் தம்பி கேட்டப்பவே உன் மூஞ்சி சொல்லிருச்சு. அக்கா லேப்டாப்புல நீ கார் ஓட்டினதைப் பாத்தவன்தானே நான்?"

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"என்கிட்ட எரிஞ்சு வர்ற மோட்டார்ல பாதி எப்படி எரியுது தெரியுமா? அஞ்சு எச்.பி. வேலை இருக்கும். காசுக்குப் பயந்து மூணு எச்.பி. போதும்னு வாங்கிட்டுப் போயிருப்பான். இன்னொருத்தன் மூணு எச்.பி. போதுங்கிற கிணத்துக்கு, பக்கத்துத் தோட்டக்காரன் வெச்சிருக்கான்னு ஏழரை எச்.பி. மாட்டிட்டு கரன்ட்டை வீணாக்குவான். என்ன லோடுன்னு உண்மையைச் சொன்னாத்தான் என்ன மோட்டார்னு சொல்ல முடியும். விளையாட்டுக்குன்னா விளையாட்டுக்குன்னு சொல்லு. அதுக்குத் தக்கன பாப்போம்."

அவ்வளவுதான் லெக்சர். பேப்பர் கட்டை வாங்கி அவர் பையிலேயே திரும்ப வைத்தேன். கொட்டேஷன் பேப்பரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் புதுசாக எழுத ஆரம்பித்தேன். இந்தத் தடவை 'எது சூப்பர்?' என்று யோசிக்கவில்லை. 'என் லோடு என்ன?' என்பதில் இருந்து ஆரம்பித்தேன்.

முதலில் மானிட்டர். 24 இன்ச், 1920-க்கு 1080. மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். கார்டு வரைய வேண்டியது இவ்வளவுதான். 1440 மானிட்டர் என்றால் 36 லட்சத்துக்கு மேல் போகும். அதற்குத்தான் பெரிய கார்டு வேணும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 9,800 ரூபாய். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். அதில் எவ்வளவு பெரிய கார்டைச் சொருகினாலும் 61-வது படம் நம் கண்ணுக்கு வரவே வராது.

அதற்குத் தகுந்த கிராபிக்ஸ் கார்டு, ஆர்.எக்ஸ். 6600. 8 ஜி.பி. மெமரி, 132 வாட்ஸ். எனக்குக் கிடைத்தது 20,500-க்கு. 4060 இதைவிட வேகம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், நான் விளையாடும் கேம்களுக்கு அந்த வித்தியாசத்தின் விலை, அப்பா கடையின் ஒரு மாத வயர்.

ப்ராசஸர் ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட். 12,300 ரூபாய். கூலர் பெட்டிக்குள்ளேயே வரும். போர்டு பி450 மாடல், 6,200. இதில் ஒரு கண்ணி உண்டு. பி450 போர்டுகள் 2018-ல் வந்தவை. 5600 வந்தது 2022-ல். பழைய ஸ்டாக் போர்டு என்றால் பயாஸ் அப்டேட் பண்ணாமல் புது ப்ராசஸரை அடையாளம் தெரியாது. கடையிலேயே கேட்டு அப்டேட் செய்து வாங்கினேன். "ஃப்யூச்சர் ப்ரூஃப் வேணும்னா ஏ.எம்.5 போர்டு எடுங்க தம்பி" என்றார்கள். அதற்கு டி.டி.ஆர்.5 ராமும் சேர்ந்து வாங்கணும். நம் ஃப்யூச்சரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

ராம், 8 ஜி.பி. குச்சி இரண்டு. 3,300. 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியாக வாங்குவதைவிட இது நல்லது. ஒரு லேன் ரோட்டை இரண்டு லேன் ஆக்குகிற மாதிரி, ப்ராசஸருக்கு இரண்டு வழியில் டேட்டா வரும். எஸ்.எஸ்.டி. 1 டி.பி. 4,200. எஸ்.எம்.பி.எஸ். அப்பா செலக்ஷன், 4,300. கேபினெட் 3,200. முன்பக்கம் கண்ணாடி போட்டு லைட் மின்னும் கேபினெட்டைத்தான் முதலில் ஆசைப்பட்டேன். "காத்து எங்கிட்டுப் போகும்?" என்று ஒரே கேள்வி கேட்டார். சென்னை மே மாதத்தை நினைத்தேன். வலை வைத்த கேபினெட்டுக்கு மாறினேன். கீ போர்டு, மவுஸ் 900.

கூட்டினால் 64,700. 65 ஆயிரத்தில் மிச்சம் 300. அதில் இரண்டு பேரும் மீல்ஸ் சாப்பிட்டோம். எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினோம். "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தர்றேன்" என்று ஆசை காட்டின இடமும் உண்டு. வாரன்ட்டிக்குப் போய் நிற்கும்போது பில்தான் பேசும் பாஸ்!

நோ டிஸ்ப்ளே!

எலெக்ட்ரிக் ட்ரெயினில், மானிட்டர் பெட்டியை அப்பா குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ரூமுக்குப் போனதும் அசெம்பிளி. நான் மாட்ட, அப்பா ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்க, 'பெஞ்ச்மார்க்' கமென்ட்ரி சொல்ல, ராத்திரி ஒன்பது மணிக்கு முடித்தோம். ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன்கள் சுற்றின. லைட் எரிந்தது. மானிட்டரில்..?

இருட்டு.

இன்னொரு தடவை. இருட்டு. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. 65 ஆயிரம் ரூபாய் ஃபேனா இது? "போர்டு டெட் மச்சான்" என்று வாயை வைத்தான் 'பெஞ்ச்மார்க்'. அவனை முறைத்தேன்.

அப்பா மட்டும் பதறவில்லை. "எல்லாத்தையும் பிடுங்காத. கரன்ட் எங்க கிளம்பி எங்க போகுதுன்னு ஒவ்வொண்ணா வரிசையா சொல்லு" என்றார். எனக்காக இல்லை, அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்காக என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். "ப்ளக்ல இருந்து எஸ்.எம்.பி.எஸ். அங்கிருந்து போர்டுக்குப் பெரிய வயர், போட்டாச்சு. ப்ராசஸருக்குத் தனி வயர், போட்டாச்சு. கிராபிக்ஸ் கார்டுக்கு வயர், போட்டாச்சு. ராம் ரெண்டும் கிளிக்னு உட்கார்ந்தாச்சு. படத்தை வரையறது கிராபிக்ஸ் கார்டு. அதுல இருந்து மானிட்டருக்கு..."

நிறுத்தினேன். மானிட்டர் கேபிளைப் பார்த்தேன். அது கிராபிக்ஸ் கார்டில் இல்லை. மேலே, மதர்போர்டின் ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டையில் இருந்தது. ரைசன் 5600-ல் சொந்த கிராபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையில் மாட்டினால் விடிய விடிய இருட்டுதான். கேபிளைப் பிடுங்கி, கீழே கார்டில் மாட்டினேன்.

வந்தது படம்!

மூன்று பேரும் கத்தின கத்தலில் ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டிவிட்டார். அன்றைக்கு ராத்திரி முதலில் விளையாடினது நான் இல்லை. லாரி ஓட்டும் கேம் ஒன்றை டவுன்லோடு போட்டு, அப்பாவைத்தான் உட்காரவைத்தோம். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு ஹைவேயில், வலது பக்கம் போக வேண்டிய லாரியை நம்ம ஊர் மாதிரி இடது பக்கம் ஏற்றி, எதிரே வந்த நாலு வண்டியைக் கவிழ்த்தார். "ரோடு நல்லாருக்குய்யா" என்று மட்டும் சொன்னார்.

நானும் அதற்கப்புறம் பல்பு வாங்காமல் இல்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கிவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அதை மாற்றாமல் மூன்று வாரம் 60-லேயே விளையாடிவிட்டு, 'ஆஹா, என்ன ஸ்மூத்!' என்று பீற்றிக்கொண்டவன் நான். 3200 ஸ்பீடு ராம் வாங்கினால், பயாஸுக்குள் போய் அந்த ப்ரொஃபைலை ஆன் பண்ணினால்தான் அந்த ஸ்பீடில் ஓடும் என்பதும் லேட்டாகத்தான் தெரிந்தது. நீங்களாவது முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ரூம் பையன் ஒருத்தன் எங்கள் பழைய லிஸ்ட்டை வாங்கி, கிட்டத்தட்ட அதே மாதிரி சிஸ்டம் போட்டான். 4060-யும், லேசான எஸ்.எம்.பி.எஸ்-ஸும். அடுத்த கோடையில் கரன்ட் போய்த் திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். எஸ்.எம்.பி.எஸ். போனது, கூடவே போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கார்டு தப்பியது அவன் அதிர்ஷ்டம். அன்றைக்கு அவனைக் கலாய்க்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு டீ வித்தியாசத்தில் தப்பினவன் நான்.

நான் சொன்ன விலைகளை அப்படியே பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள். அவை 2023 செப்டம்பர் விலை. 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை மளமளவென்று ஏறியது. பார்ட்ஸ் மாறும், விலை மாறும். கணக்கு போடும் வரிசை மட்டும் மாறாது: முதலில் உங்கள் லோடு, அப்புறம் மானிட்டர், அதற்கேற்ற கார்டு, கார்டுக்கு ஈடு கொடுக்கும் ப்ராசஸர், இவை எல்லாவற்றையும் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ். லிஸ்ட் முடிந்ததும் யாராவது 'இன்னும் ஒரு ரெண்டாயிரம் போட்டா...' என்று ஆரம்பித்தால், அந்த ரெண்டாயிரம் யார் பையில் இருந்து வருகிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

2025-ல் டிகிரி முடித்தாகிவிட்டது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டிசைனை அதே சிஸ்டத்தில்தான் செய்தேன். ஆக, அப்பாவிடம் சொன்ன அந்த 30 பர்சென்ட் வீண் போகவில்லை. 'எல்டன் ரிங்'கும் முடித்தாகிவிட்டது. எத்தனை தடவை செத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அப்பா இப்போதும் போன் பண்ணினால், என்னை விசாரித்து முடித்துவிட்டு, கடைசியாக மறக்காமல் ஒரு கேள்வி கேட்பார்.

"என்னய்யா... மோட்டார் நல்லா ஓடுதா?"